சிறிய .380 கைத்துப்பாக்கியில் ஹாலோ பாயிண்ட் தோட்டா சிக்குகிறது: குறை துப்பாக்கியிலா, தோட்டாவிலா, கையிலா?

காவிரிக்கரையான், ஹூஸ்டன்

அனைவருக்கும் வணக்கம். ஹூஸ்டன் புறநகர் ஒன்றில் இரவு 11 மணி வரை திறந்திருக்கும் கடையை நானும் என் மனைவியும் நடத்தி வருகிறோம். 2021 செப்டம்பர் 1 முதல் டெக்சாஸில் 21 வயது நிறைந்த, சட்டத் தடை எதுவும் இல்லாதவர்கள் உரிமம் பெறாமலே கைத்துப்பாக்கியை உடன் வைத்துக்கொள்ளலாம். ஆனாலும் நான் வகுப்புக்குப் போய், 3, 7, 15 கஜத் தொலைவுகளில் 50 தோட்டாக்களைச் சுட்டுக் காட்டி, முறைப்படி உரிமம் வாங்கியிருக்கிறேன். சென்ற ஆண்டு, கால்சட்டைப் பைக்குள் ஹோல்ஸ்டரோடு அடங்கிவிடும் அளவில் ஒரு .380 (தோட்டா அளவின் பெயர்) கைத்துப்பாக்கி வாங்கினேன். துப்பாக்கி நிறுவனத்தின் பெயரையும் தோட்டா நிறுவனத்தின் பெயரையும் எழுதப் போவதில்லை. என் கையில் இருக்கும் ஒன்றை மட்டும் வைத்து அவர்கள் விற்ற அனைத்தையும் எடைபோடுவது நியாயமாகாது.

இதுவரை எஃப்.எம்.ஜே. எனப்படும், முழுவதும் செம்பு போர்த்திய உருண்டை முனைத் தோட்டாக்கள் 300 சுட்டிருக்கிறேன். ஒன்றுகூடச் சிக்கவில்லை. அந்தத் துணிவில், தற்காப்புக்காக வைத்துக்கொள்ள ஹாலோ பாயிண்ட் (முனையில் குழி உள்ள, பட்டதும் விரியும்) தோட்டாக்கள் 25 கொண்ட ஒரு பெட்டி வாங்கி, சும்மா பார்த்துவிடலாம் என்று ரேஞ்சில், அதாவது சுடும் பயிற்சிக்களத்தில், சுட்டேன். 25-இல் 3 சிக்கின. இரண்டு முறை குண்டின் முனை குழலின் பின்னால் உள்ள அறைக்குள் ஏறாமல், அதற்கு ஏறிச்செல்லும் சரிவில் முட்டிக்கொண்டு நின்றது. ஒரு முறை சுட்டு முடித்த வெற்று உறை வெளியே விழாமல், துப்பாக்கியின் மேலே முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடுக்கு இடையில் செங்குத்தாக மாட்டிக்கொண்டது. அந்த மூன்றில் ஒன்று நள்ளிரவில் கடையில் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற எண்ணம் என்னை இரண்டு நாள் தூங்க விடவில்லை. குறை எங்கே இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பழைய பயிற்றுநர், சான் அன்டோனியோ

நண்பரே, நீங்கள் சொன்ன மூன்றும் ஒரே நோய் அல்ல. முனை சரிவில் முட்டி நின்றது ஏறுவதில் வந்த தடை. வெற்று உறை செங்குத்தாக மாட்டியது வெளியேறுவதில் வந்த தடை. முதலாவதற்குத் தோட்டாவின் முனை வடிவம், மேகசினின் (தோட்டாக்களை அடுக்கும் கூட்டின்) ஸ்பிரிங், அதன் வாய் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இரண்டாவதற்கு முதலில் உங்கள் மணிக்கட்டையும், அதன் பிறகு உறையை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கியையும் பார்க்க வேண்டும். இரண்டையும் சேர்த்து "துப்பாக்கி சிக்குகிறது" என்று சொல்லிவிட்டால் ஒன்றுக்கும் மருந்து கிடைக்காது.

.380 தோட்டாவை ஜான் பிரவுனிங் வடிவமைத்து, கோல்ட் நிறுவனம் 1908-இல் தன் சட்டைப்பைத் துப்பாக்கியோடு வெளியிட்டது. அப்போது அதில் இருந்தது உருண்டை முனைக் குண்டு. உருண்டை முனை, வழுக்குப்பாறையில் சறுக்கிப் போவதுபோல் சரிவில் ஏறிவிடும். ஹாலோ பாயிண்டின் முனையோ மழுங்கலாக, நடுவில் குழியோடு, விளிம்போடு இருக்கும். அந்த விளிம்பு சரிவில் இடிக்கும் கோணம் சற்றே மாறினாலும் நின்றுவிடும். இன்றைய துப்பாக்கிகள் இரண்டையும் எதிர்பார்த்துத்தான் வடிவமைக்கப்படுகின்றன என்றாலும், உடல் சிறியதாகச் சிறியதாகப் பிழைக்கு விடப்படும் இடமும் சிறியதாகிறது.

ஸ்லைடு பின்னால் போய் முன்னால் வரும் அந்த இமைப்பொழுதுக்குள் மேகசின் ஸ்பிரிங் அடுத்த தோட்டாவை மேலே தூக்கி நிறுத்தியாக வேண்டும். பெரிய துப்பாக்கியில் ஸ்லைடு கனமானது, அது பயணிக்கும் தூரமும் கூடுதல். ஆகவே மேகசினுக்கு அவகாசம் கிடைக்கிறது. உங்கள் துப்பாக்கியில் ஸ்லைடு இலேசானது, தூரம் குறைவு, அதைக் கட்டுப்படுத்தும் ஸ்பிரிங்கும் விறைப்பானது. மேகசின் ஸ்பிரிங் சற்றுத் தளர்ந்திருந்தாலும், தோட்டா மேலே வந்து சேர்வதற்குள் ஸ்லைடு வந்துவிடும். அப்போது முனை தாழ்ந்த நிலையிலேயே சரிவில் முட்டும்.

எனவே மூன்று கேள்விகள். மேகசின்கள் எத்தனை வைத்திருக்கிறீர்கள், சிக்கியது எதில்? சுட்டது நீங்கள் மட்டும்தானா? துப்பாக்கியைக் கடைசியாக எப்போது துடைத்து எண்ணெய் போட்டீர்கள்?

காவிரிக்கரையான், ஹூஸ்டன்

ஐயா, மிக்க நன்றி. மேகசின்கள் இரண்டு. எதில் சிக்கியது என்று அன்றைக்குக் கவனிக்கவில்லை. எண்ணெய் போட்டு மூன்று மாதம் ஆகியிருந்தது. நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு பிரித்துப் பார்த்தேன். கால்சட்டைப் பையின் நூல்தூசு எக்ஸ்ட்ராக்டர் கொக்கிக்கு அடியில் பஞ்சுபோல் படிந்திருந்தது. துடைத்துவிட்டேன். இரண்டு மேகசின்களிலும் வெள்ளை மையால் 1, 2 என்று எழுதியிருக்கிறேன். சனிக்கிழமை மனைவியையும் அழைத்துக்கொண்டு போய் மறுபடியும் சுட்டுவிட்டு எழுதுகிறேன்.

கருங்கல், ஃபீனிக்ஸ்

என் கருத்து வேறு. .380-இல் ஹாலோ பாயிண்ட் எதற்கு? 1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் இரண்டு எஃப்.பி.ஐ. அதிகாரிகள் உயிரிழந்த துப்பாக்கிச் சண்டைக்குப் பிறகு, குண்டுகளை ஜெலட்டின் கட்டியில் சுட்டுச் சோதிக்கும் முறையை அந்த அமைப்பு வகுத்தது. 12 முதல் 18 அங்குலம் வரை ஊடுருவ வேண்டும் என்பது அதன் அளவுகோல். மூன்று அங்குலம்கூட இல்லாத குழலில் இருந்து புறப்படும் .380 ஹாலோ பாயிண்ட் நன்றாக விரிந்தால் பெரும்பாலும் அந்த 12 அங்குலத்தை எட்டுவதில்லை. முனைக் குழியைத் துணி அடைத்துக்கொண்டு விரியாமல் போனால், அது விலை கூடிய உருண்டை முனைக் குண்டு, அவ்வளவுதான். உங்கள் துப்பாக்கி 300 எஃப்.எம்.ஜே. தோட்டாக்களைத் தடையின்றிச் சுட்டிருக்கிறது. அதையே நிரப்பி வைத்துக்கொள்ளுங்கள். எட்டாண்டுகளாக நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

பழைய பயிற்றுநர், சான் அன்டோனியோ

கருங்கல் அவர்கள் சொல்லும் ஜெலட்டின் கணக்கு சரி. .380 வைத்திருப்பவர்களில் சிந்தித்துப் பார்த்து எஃப்.எம்.ஜே. பக்கம் நிற்பவர்கள் பலர் உண்டு. ஆனால் கேட்பவர் கடைக்காரர். வாடிக்கையாளர்கள் நிற்கும் இடத்தில், தொடுத்த இலக்கைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் போகும் குண்டுக்கும் அவர்தான் பொறுப்பு. நான் அவருடைய இடத்தில் இருந்தால் ஹாலோ பாயிண்டிலேயே வட்ட முனைக்கு நெருக்கமான வடிவம் உள்ள ஒன்றைத் தேடுவேன்.

கருங்கல், ஃபீனிக்ஸ்

கடையின் ஜிப்சம் பலகைச் சுவரை இலக்கு தவறிய எந்தக் குண்டும் துளைக்கும், ஹாலோ பாயிண்டும் துளைக்கும். இலக்கு தவறாமல் சுடப் பழகுவதுதான் அதற்கு வழி. இதில் நான் உடன்படவில்லை. ஆனால் கடைக்குள் எத்தனை பேர் நிற்பார்கள் என்பது அவருக்குத்தான் தெரியும். முடிவு அவருடையது.

தோட்ட மாநிலத்தான், நியூ ஜெர்சி

இந்த விவாதத்தில் எங்கள் மாநிலத்தாருக்கு வேறொரு சிக்கல் இருக்கிறது. 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் ப்ரூயன் என்ற துப்பாக்கி உரிமை வழக்கில் தீர்ப்பளித்த பிறகுதான் சாதாரணக் குடிமக்களுக்கு இங்கே உடன் வைத்துக்கொள்ளும் அனுமதி கிடைக்கத் தொடங்கியது. ஹாலோ பாயிண்டை வீட்டில் வைத்திருக்கலாம், ரேஞ்சுக்கும் கொண்டு போகலாம். ஆனால் தெருவில் உடன் வைத்துக்கொள்ள எங்களைப் போன்றவர்களுக்கு மாநிலச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. முனைக் குழியைப் பாலிமர் கொண்டு நிரப்பிய தோட்டாக்களை, எடுத்துக்காட்டாக ஹார்னடி கிரிட்டிகல் டிஃபென்ஸ் வகையை, ஹாலோ பாயிண்டாகக் கருதுவதில்லை என்று மாநிலக் காவல்துறை தெரிவித்திருப்பதால் நான் அதையே பயன்படுத்துகிறேன்.

சட்டத்துக்காக வாங்கினேன் என்றாலும், பயன்படுத்திப் பார்த்ததில் கண்ட நன்மை வேறு. குழி நிரம்பியிருப்பதால் முனை ஏறக்குறைய உருண்டையாகவே இருக்கிறது. என் கிளாக் 42 கைத்துப்பாக்கியில் 90 கிரெயின் எடையுள்ள அந்தத் தோட்டாக்கள் 175 சுட்டிருக்கிறேன். ஏறுவதில் ஒரு தடையும் வரவில்லை. காவிரிக்கரையான் அவர்கள் இந்த வடிவத்தையும் ஒருமுறை சோதித்துப் பார்க்கலாம்.

பொன்னி, சியாட்டில்

நான் சொல்ல வருவது கைப்பிடியைப் பற்றி. எனக்குக் கை மூட்டுகளில் வலி உண்டு. முதலில் வாங்கிய மிகச் சிறிய துப்பாக்கியில் ஸ்லைடை இழுக்கவே முடியவில்லை. சுட்டபோது பத்துக்கு ஒன்று வெற்று உறை மாட்டிக்கொண்டது. துப்பாக்கி பழுது என்றே நினைத்தேன். பயிற்சி கொடுத்த அம்மையார் அதே துப்பாக்கியை வாங்கி, அதே மேகசினில் மீதமிருந்த தோட்டாக்களைத் தடையின்றிச் சுட்டுக் காட்டினார். ஸ்லைடு பின்னால் போகும்போது உடல்பகுதி அசையாமல் நிற்க வேண்டும். மணிக்கட்டு தளர்ந்தால் முழுத் துப்பாக்கியும் சேர்ந்து பின்னால் போகிறது, ஸ்லைடு தன் தூரத்தை முடிப்பதில்லை, உறையும் வெளியேறுவதில்லை. துப்பாக்கி இலேசாக இருக்கும்போது அதைத் தாங்கி நிற்கும் வேலை முழுவதும் கைக்கே வந்து சேர்கிறது.

அதன் பிறகு ஸ்மித் அண்ட் வெசன் ஷீல்டு ஈ.இசட். .380 வாங்கினேன். 18 அவுன்ஸுக்கு மேல் எடை, மூன்றரை அங்குலத்துக்கு மேல் குழல், 8 தோட்டா பிடிக்கும் மேகசின். கால்சட்டைப் பையில் அடங்காது, இடுப்பில்தான் கட்ட வேண்டும். ஆனால் ஸ்லைடை என் விரல்களால் இழுக்க முடிகிறது. இதுவரை 600-க்கு மேல் சுட்டதில் இரண்டே தடைகள், இரண்டும் முதல் 50-க்குள் வந்தவை. சகோதரரே, உங்கள் மனைவியும் அந்தத் துப்பாக்கியைக் கையாள வேண்டிய நிலை வரும் என்றால், அவர் கையில் அது எப்படி ஓடுகிறது என்பதை முதலில் பாருங்கள்.

காவிரிக்கரையான், ஹூஸ்டன்

சனிக்கிழமை போய் வந்தோம். அதே வகை ஹாலோ பாயிண்ட் 50, எஃப்.எம்.ஜே. 50. துடைத்து எண்ணெய் போட்டிருந்த துப்பாக்கி. ஹாலோ பாயிண்டில் முனை முட்டி நின்றது 3 முறை, மூன்றும் 2 என்று எழுதிய மேகசினில். 1-இல் ஒன்றுகூட இல்லை. வெற்று உறை மாட்டியது 2 முறை, இரண்டும் என் மனைவி சுட்டபோது, அதில் ஒன்று எஃப்.எம்.ஜே. தோட்டா. பயிற்றுநர் ஐயா சொன்னது போல் இரண்டும் வேறு வேறு நோய்கள் என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டேன். பொன்னி அவர்கள் எழுதியதை மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். அடுத்த வாரம் தனியாக ஒரு வகுப்புக்குப் பதிவு செய்திருக்கிறார்.

மேகசினை மாற்றிவிட்டால், எத்தனை சுட்ட பிறகு நம்பலாம்? ஒரு தோட்டா ஒரு டாலருக்கு மேல் விற்கிறது. 50 போதுமா?

எண்கணக்கன், பாஸ்டன்

இந்தக் கேள்விக்கு எண்களால் பதில் சொல்ல முடியும் என்பதால் எழுதுகிறேன். 50 தோட்டாவுக்கு ஒன்று வீதம் சிக்கும் ஒரு துப்பாக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். அதை 50 முறை சுட்டால் கட்டாயம் ஒருமுறையாவது சிக்கும் என்று தோன்றும். உண்மையில் அது 50-ஐயும் தடையின்றிச் சுட்டு முடிக்க 36% வாய்ப்பு இருக்கிறது. அதாவது, வைத்துக்கொள்ளத் தகாத துப்பாக்கியும் மூன்றில் ஒரு முறைக்குமேல் உங்கள் சோதனையில் தேறிவிடும்.

புள்ளியியலில் ஓர் எளிய விதி உண்டு. பல முறை முயன்று ஒருமுறைகூடத் தவறு நேரவில்லை என்றால், 3-ஐ முயற்சிகளின் எண்ணிக்கையால் வகுங்கள். உண்மையான தவறு விகிதம் அந்த விடைக்கு மேல் இல்லை என்று 95% உறுதியோடு சொல்லலாம். தடையின்றி 50 சுட்டால், தவறு 6%-க்குள் இருக்கும் என்று மட்டுமே சொல்ல முடியும். 200 சுட்டால் 1.5%. 300 சுட்டால் 1%. நீங்கள் முதலில் சுட்ட 300 உங்களுக்குச் சொல்லியது, எஃப்.எம்.ஜே. தோட்டாவோடு உங்கள் துப்பாக்கி 100-க்கு ஒன்றுக்கு மேல் தவறாது என்பதை. ஹாலோ பாயிண்டைப் பற்றி அது எதையும் சொல்லவில்லை. அதற்கான கணக்கு பூஜ்யத்தில் இருந்து தொடங்க வேண்டும்.

இன்னொன்று. இரண்டு மேகசின்களில் நூறு நூறாக 200 சுட்டால், ஒவ்வொரு மேகசினுக்கும் நீங்கள் பெற்ற உறுதி 3%-தான். மேகசினும் சோதிக்கப்படும் பொருள் என்பதை உங்கள் அனுபவமே காட்டிவிட்டது. ஆகவே பணம் குறைவாக இருந்தால் ஒரே மேகசினை நன்றாகச் சோதியுங்கள். இரண்டை அரைகுறையாகச் சோதிப்பதைவிட அது மேல் என்பது என் எண்ணம்.

பழைய பயிற்றுநர், சான் அன்டோனியோ

முப்பது ஆண்டுகளாக மாணவர்களிடம் 200 என்று சொல்லி வருகிறேன். ஏன் 200 என்பதற்கு இவ்வளவு தெளிவான காரணத்தை இன்றுதான் படிக்கிறேன், நன்றி. ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். எக்ஸ்ட்ராக்டர் கொக்கியும் ஸ்பிரிங்கும் தேயும் பொருள்கள். சிறிய துப்பாக்கியில் விறைப்பான ஸ்பிரிங் விரைவில் களைத்துவிடும். எத்தனை சுட்ட பிறகு மாற்ற வேண்டும் என்பதைக் கையேட்டில் பாருங்கள். ஓராண்டுக்கு முன் தேறிய துப்பாக்கி இன்றும் தேறும் என்று எண்ணாதீர்கள்.

வடகரை, டாலஸ்

எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதே தவற்றைப் பலர் நாள்தோறும் செய்துகொண்டிருக்கிறார்கள். என் வேலையில் அஞ்சலகங்களுக்குள் அடிக்கடி போக வேண்டும். அங்கே துப்பாக்கி கொண்டுபோகக் கூடாது. ஆகவே ஒவ்வொரு முறையும் வண்டியில் தோட்டாவை அறையில் இருந்து வெளியே எடுத்து, பூட்டிவைத்துவிட்டுப் போய், திரும்பி வந்ததும் அதே தோட்டாவை மேகசினின் மேலே வைத்து மறுபடியும் ஏற்றுவேன். இப்படி ஆறு மாதம். ஒரு நாள் அந்தத் தோட்டாவை மற்றவற்றோடு மேசைமேல் வரிசையாக நிற்க வைத்தபோது அது மட்டும் குட்டையாகத் தெரிந்தது. வெர்னியர் அளவியால் அளந்தேன். ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் குறைந்திருந்தது.

ஒவ்வொரு முறை ஏறும்போதும் முனை சரிவில் இடிபட்டு, குண்டு பித்தளை உறைக்குள் சிறிது சிறிதாக அமுங்கியிருக்கிறது. உள்ளே வெடிமருந்துக்கான இடம் குறைந்தால், சுடும்போது எழும் அழுத்தம் கூடும். .380-க்கு அமெரிக்கத் தோட்டா உற்பத்தியாளர் தர அமைப்பு வகுத்த உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 21,500 பவுண்டு. ஒரு மில்லிமீட்டர் அமுங்கிய தோட்டா அதைத் தாண்டிவிடக்கூடும். அதைச் சுடாமல் ரேஞ்சில் இருந்த கைவிடப்பட்ட தோட்டாப் பெட்டியில் போட்டுவிட்டேன். இப்போது துப்பாக்கியை ஹோல்ஸ்டரோடு, தோட்டாவை வெளியே எடுக்காமல், வண்டியோடு பிணைத்த இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறேன். வெளியே எடுத்தே ஆக வேண்டிய நாளில் அந்தத் தோட்டாவைத் தனியே வைத்து, அடுத்த முறை ரேஞ்சில் அளந்து பார்த்த பிறகே சுடுகிறேன்.

கருங்கல், ஃபீனிக்ஸ்

வடகரை அவர்கள் எழுதியது முக்கியமானது. இதற்கெல்லாம் பயந்து ரிவால்வருக்குப் போகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மிக இலேசான ரிவால்வரில் இதற்கு நேர்மாறானது நடக்கும். ஒன்றைச் சுடும்போது ஏற்படும் உதைப்பில் மற்ற அறைகளில் இருக்கும் குண்டுகள் உறையில் இருந்து மெல்ல முன்னால் நகர்ந்து, உருளையே சுழலாமல் பூட்டிக்கொள்ளும். என் அண்ணனின் ரிவால்வரில் ஐந்தாவது தோட்டாவில் இது நடந்தது. விசையை எத்தனை முறை இழுத்தாலும் பயன் இல்லை.

காவிரிக்கரையான், ஹூஸ்டன்

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும். 2-ஆம் எண் மேகசினைப் பற்றி நிறுவனத்துக்குத் தொலைபேசியில் சொன்னேன், கட்டணம் இல்லாமல் புதியது அனுப்பினார்கள். தோட்டாவையும் மாற்றி, தோட்ட மாநிலத்தான் சொன்னது போல் முனை நிரப்பிய வகையை எடுத்தேன். எண்கணக்கன் அவர்களின் அறிவுரைப்படி 1-ஆம் எண் மேகசினில் மட்டும் மூன்று வாரங்களில் 200 சுட்டேன். ஏறுவதில் தடை இல்லை. 140-ஆவது தோட்டாவில் விசையை இழுத்தபோது "கிளிக்" என்ற ஓசை மட்டும் வந்தது. பயிற்சியில் கற்றுக்கொண்டபடி குழலை இலக்கை நோக்கியே வைத்து 30 நொடி பொறுத்திருந்து வெளியே எடுத்தேன். பிரைமரில் (தோட்டாவின் அடியில் முதலில் பற்றும் பகுதியில்) ஊசி பட்ட குழி ஆழமாகத்தான் இருந்தது. ஆகவே அது தோட்டாவின் குறை என்று ரேஞ்சில் இருந்தவர் சொன்னார். பெட்டியின் லாட் எண்ணை (உற்பத்தித் தொகுதி எண்ணை)க் குறித்துக்கொண்டு, அதே லாட்டில் மீதமிருந்த 60-ஐயும் பயிற்சிக்கே சுட்டுத் தீர்த்தேன். அந்த 60-இல் ஒன்றும் தவறவில்லை. கடைக்கு வேறு லாட்டில் இருந்து வாங்கியிருக்கிறேன்.

மனைவி இரண்டு வகுப்பு முடித்துவிட்டார். கடைசியாகச் சுட்ட 80-இல் அவருக்கு ஒரு முறைதான் உறை மாட்டியது. ஆனாலும் ஸ்லைடு அவருக்கு விறைப்பாகவே இருக்கிறது. பொன்னி அவர்கள் சொன்ன ஷீல்டு ஈ.இசட். துப்பாக்கியை ரேஞ்சில் வாடகைக்கு எடுத்து 50 சுட்டுப் பார்த்தார், மிகவும் பிடித்துவிட்டது. அடுத்த மாதம் வாங்கப் போகிறோம். வாங்கியதும் அதற்கான 200-ஐ அவரே தொடங்குவார். புதிய 2-ஆம் எண் மேகசின் 100-ஐத்தான் எட்டியிருக்கிறது, 200-ஐ எட்டும் வரை அது ரேஞ்சுப் பையிலேயே இருக்கும்.